சிறிய மருத்துவமனைக்குப் புதுக் கருவி வாங்குகிறீர்களா? பர்ச்சேஸ் ஆர்டரில் கையெழுத்துப் போடுமுன் செய்ய வேண்டியவை

நாற்பது படுக்கை உள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் நிர்வாகம் பார்க்கிறேன். மருந்து, பஞ்சு, கையுறை என்று வாங்கிக்கொண்டிருந்த எனக்கு, முதன்முதலாக ஓர் அல்ட்ராசவுண்ட் மெஷின் வாங்கும் பொறுப்பு வந்தது. ஏற்கெனவே ஒரு ஸ்கேன் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஸ்கேன் நடத்த அரசிடம் வாங்கிய பதிவுச் சான்றிதழ்தான் இருக்கிறதே என்ற நம்பிக்கையில் முன்பணம் கட்டி ஆர்டர் போட்டோம். மெஷின் வந்து இறங்கிய பிறகுதான், புது மெஷினின் பெயர் அந்தச் சான்றிதழில் ஏறாமல் அதைத் தொடவே முடியாது என்று தெரிந்தது. ஏழு வாரம் அது பெட்டியிலேயே கிடந்தது. வங்கித் தவணை ஓடியது. வாரண்டியும் ஓடியது, ஏனென்றால் இன்வாய்ஸ் தேதியிலிருந்து வாரண்டி தொடங்கும் என்ற வரியைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருந்தேன்.

அதற்குப் பிறகு மானிட்டர், வென்டிலேட்டர், அறுவை அறையில் பயன்படும் எக்ஸ்ரே கருவியான சி-ஆர்ம் என்று பலவும் வாங்கிவிட்டோம். தமிழ்நாட்டில் சிறிய, நடுத்தர மருத்துவமனைகளில் இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். அரசு மருத்துவமனைகளின் டெண்டர் முறை வேறு. அதை இங்கே தொடவில்லை.

1. தேவையை ஒரே பக்கத்தில் எழுதி வாங்குங்கள்

"புது மெஷின் வேண்டும்" என்று டாக்டர் வாய்வார்த்தையாகச் சொன்னதும் கம்பெனிகளுக்குப் போன் போடாதீர்கள். நான்கு கேள்விகளுக்கு எழுத்தில் பதில் கேளுங்கள். மாதத்துக்கு எத்தனை நோயாளிகளுக்கு இது தேவைப்படுகிறது? இப்போது அவர்களை எங்கே அனுப்புகிறோம்? இதை யார் இயக்குவார்கள், அவருக்கு அதற்கான தகுதி இருக்கிறதா? பழைய கருவியைப் பழுதுபார்த்தால் போதாதா?

மூன்றாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். வாரத்தில் இரண்டு நாள் வந்துபோகும் விசிட்டிங் டாக்டரை நம்பி வாங்கிய மெஷின், அவர் வேறு ஊருக்குப் போனதும் துணி போர்த்தி நிற்பதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். அந்தப் பக்கத்தில் டாக்டர், பொறுப்பு நர்ஸ், பயோமெடிக்கல் இன்ஜினியர், கணக்குப் பிரிவு என நான்கு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். முழுநேர பயோமெடிக்கல் ஆள் இல்லையென்றால், இந்த ஒரு கொள்முதலுக்கு மட்டுமாவது வெளியிலிருந்து ஒருவரைக் கட்டணம் கொடுத்துக் கூப்பிடுங்கள். வாங்கப் போகும் கம்பெனி எதனுடனாவது தனக்குத் தொடர்பு இருக்கிறதா, மாநாட்டுச் செலவு ஏற்றுக்கொண்டார்களா என்பதை டாக்டரிடம் இந்தக் கட்டத்திலேயே கேட்டு எழுதிவிடுவது நல்லது. கேட்கத் தயக்கமாக இருக்கும். ஆனால் பின்னால் பேச்சு வந்தால் அது அவரையும் காப்பாற்றும்.

2. ஸ்பெசிஃபிகேஷனை நீங்கள் எழுதுங்கள், கம்பெனி எழுத வேண்டாம்

மார்க்கெட்டிங் ஆள் "ஸ்பெக்கை நானே டைப் செய்து அனுப்பிவிடுகிறேன் சார்" என்பார். அப்படி வரும் தாளில் அந்தக் கம்பெனி மெஷினைத் தவிர வேறெதுவும் பொருந்தாது.

சரி, எங்கிருந்து தொடங்குவது? தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அரசு மருத்துவமனைகளுக்குக் கருவி வாங்கும்போது வெளியிடும் டெண்டர் ஆவணங்களை எடுத்துப் படியுங்கள். ஒவ்வொரு கருவிக்கும் தொழில்நுட்பத் தேவைகள் யாருக்கும் சாயாத மொழியில் இருக்கும். அதிலிருந்து உங்களுக்கு வேண்டியதை மட்டும் எடுத்து, "கட்டாயம் வேண்டும்", "இருந்தால் நல்லது" என்று இரண்டாகப் பிரியுங்கள். கட்டாயப் பட்டியல் பத்து, பன்னிரண்டு வரிக்கு மேல் போகிறதென்றால் தேவையில்லாததற்கும் பணம் கொடுக்கப் போகிறீர்கள்.

3. அனுமதிகள்: காலமும் பணமும் போகும் இடம்

இது விலை பேசி முடிப்பதற்கு முன்பே தொடங்க வேண்டியது. இரண்டு வகை அனுமதிகள் உண்டு. ஒன்று கருவிக்கு, இன்னொன்று உங்களுக்கு.

கருவிக்கான அனுமதி மருத்துவக் கருவிகள் விதிகள், 2017-இன் கீழ் வருகிறது. கருவிகளை ஆபத்தின் அளவை வைத்து ஏ, பி, சி, டி என்று நான்கு வகுப்பாகப் பிரித்திருக்கிறார்கள். வென்டிலேட்டர் சி வகுப்பு. ஏ, பி வகுப்புகளுக்கு (ஏ வகுப்பில் கிருமிநீக்கம் செய்யாத, அளவிடும் வேலை இல்லாத எளிய கருவிகள் நீங்கலாக) 2022 அக்டோபர் 1 முதலும், சி, டி வகுப்புகளுக்கு 2023 அக்டோபர் 1 முதலும் உரிமம் கட்டாயம். ஆகவே கொட்டேஷனோடு இந்த நகல்களையும் கேளுங்கள்: இறக்குமதிக் கருவி என்றால் எம்.டி. 15 படிவ உரிமம். இந்தியாவில் செய்தது என்றால் ஏ, பி வகுப்புக்கு எம்.டி. 5, சி, டி வகுப்புக்கு எம்.டி. 9. டீலருக்கு எம்.டி. 42 பதிவோ மருந்து விற்பனை உரிமமோ இருக்க வேண்டும்.

நகல் வந்ததும் ஃபைலில் போட்டு மூடிவிடாதீர்கள். உரிமத்தின் பின்னிணைப்பில் மாடல் பெயர்கள் இருக்கும். உங்களுக்கு விற்கப்போகும் மாடல் அதில் எழுத்துக்கு எழுத்து இருக்கிறதா, தயாரிப்பாளர் முகவரி ஒத்துப்போகிறதா, தேதி செல்லுபடியில் இருக்கிறதா என்று பாருங்கள். "ஐரோப்பிய சி.இ. முத்திரை இருக்கிறது, அமெரிக்க எஃப்.டி.ஏ. அனுமதி இருக்கிறது, அதற்கு மேல் என்ன சார்" என்பார்கள். இருந்தால் நல்லதுதான். ஆனால் அது இந்திய உரிமத்துக்கு ஈடாகாது.

அடுத்தது உங்களுக்கான அனுமதி.

அல்ட்ராசவுண்ட் என்றால் கருவின் பாலினத் தேர்வைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டம், சுருக்கமாக பி.சி.பி.என்.டி.டி. கர்ப்பிணிகளைப் பார்க்கவே போவதில்லை, இதய எக்கோவுக்குத்தான், ஐ.சி.யு.வில் வைக்கும் சின்ன போர்ட்டபிள்தான் என்றாலும் பதிவு வேண்டும். நம் மாவட்டங்களில் இது இணை இயக்குநர் அலுவலகம், அதாவது ஜே.டி. ஆபீஸ். புதிதாகப் பதிவதற்கு ஏ படிவத்தில் விண்ணப்பம். ஸ்கேன் மையத்துக்கு மட்டும் என்றால் கட்டணம் ரூ.25,000, மரபணு ஆலோசனை, ஆய்வகம் எல்லாம் சேர்த்து நடத்தும் நிறுவனம் என்றால் ரூ.35,000. சான்றிதழ் பி படிவத்தில் வரும், ஐந்து வருடம் செல்லும். முடிவு சொல்ல விதிப்படி 90 நாள் வரை அவகாசம் உண்டு. விண்ணப்பத்தோடு நாங்கள் கொடுத்தவை: கட்டட வரைபடம், இடத்துக்கான உரிமை அல்லது வாடகைப் பத்திரம், ஸ்கேன் செய்யும் டாக்டரின் பட்டமும் கவுன்சில் பதிவும், பாலினம் கண்டறிய மாட்டோம் என்ற உறுதிமொழிப் பத்திரம், மெஷினின் கம்பெனிப் பெயரும் மாடலும் உள்ள கொட்டேஷன்.

நாங்கள் தடுக்கி விழுந்தது இங்கேதான். சான்றிதழ் ஏற்கெனவே இருந்தாலும், மெஷின், டாக்டர், இடம் எது மாறினாலும் குறைந்தது 30 நாள் முன்னதாக எழுத்தில் தெரிவித்து, திருத்திய சான்றிதழ் கேட்க வேண்டும் என்று 2012-இல் விதியைத் திருத்தியிருக்கிறார்கள். கடிதம் கொடுத்ததற்கு முத்திரையிட்ட ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். பழைய மெஷினை எக்ஸ்சேஞ்சில் கொடுப்பதாக இருந்தால் அதையும் அதே கடிதத்தில் எழுதுங்கள். பதிவில்லாத இடத்துக்கு ஸ்கேன் மெஷினை விற்பதோ கொடுப்பதோ குற்றம். அது எங்கே போகிறது என்பதற்கு உங்கள் கையில் காகிதம் இருக்க வேண்டும்.

எக்ஸ்ரே, சி-ஆர்ம், சி.டி. என்றால் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம். இலோரா என்ற அவர்களுடைய இணையவழி அமைப்பில்தான் எல்லாம் நடக்கும். முதலில் மருத்துவமனையைப் பதிய வேண்டும். அப்புறம் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலர் ஒருவர், மெஷினோடு வேலை செய்வோர் மீது எவ்வளவு கதிர்வீச்சு படுகிறது என்று அளக்கும் டி.எல்.டி. பேட்ஜ், வாரியம் ஒப்புதல் கொடுத்த மாடல், தரப் பரிசோதனை அறிக்கை என்று வரிசையாகப் போகும். இவை முடிந்து உரிமம் கைக்கு வந்த பிறகே நோயாளியை உள்ளே விடலாம். தரப் பரிசோதனையை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை திரும்பச் செய்ய வேண்டும். டி.எல்.டி. பேட்ஜ் கிடைப்பதற்கே சில வாரம் பிடிக்கும் என்பதால் அதை முதலில் தொடங்குங்கள். மெஷின் வந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்றால் தாமதம் அங்கேதான்.

4. கொட்டேஷன்: ஏழு வருடக் கணக்குப் போடுங்கள்

குறைந்தது மூன்று கம்பெனிகளிடம் வாங்குங்கள். எல்லோருக்கும் ஒரே கேள்வித்தாளை அனுப்புங்கள். இல்லையென்றால் ஒருவர் புரோப் (ஸ்கேன் செய்யும்போது உடம்பில் வைக்கும் பாகம்) சேர்த்து, ஒருவர் சேர்க்காமல், ஒருவர் யு.பி.எஸ். சேர்த்து விலை சொல்லுவார். ஒப்பிடவே முடியாது.

கேள்வித்தாளில் இவை இருக்கட்டும்: அடிப்படை விலை, வரி, வாரண்டி எத்தனை வருடம், எது எதற்கு வாரண்டி இல்லை, வாரண்டிக்குப் பின் சி.எம்.சி. விகிதம், ஏ.எம்.சி. விகிதம், அடிக்கடி தேயும் ஐந்து உதிரிபாகங்களின் விலை, சர்வீஸ் இன்ஜினியர் எந்த ஊரில் இருக்கிறார்.

சி.எம்.சி. என்றால் உதிரிபாகமும் சேர்ந்த பராமரிப்பு ஒப்பந்தம். ஏ.எம்.சி.யில் வேலைக்கூலி மட்டும்தான், பாகத்துக்குத் தனிப் பணம். இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பின்னால் சண்டை வருகிறது.

ஒரு கணக்கு காட்டுகிறேன். எண்கள் புரிவதற்காக நான் வைத்தவை. முதல் மெஷின் ரூ.14 லட்சம், ஒரு வருட வாரண்டி, புரோப்புக்கு சி.எம்.சி. கிடையாது. இரண்டாவது ரூ.16.5 லட்சம், புரோப் உட்பட மூன்று வருட வாரண்டி, சி.எம்.சி.யிலும் புரோப் உண்டு. இரண்டுக்கும் சி.எம்.சி. வருடத்துக்கு 6 சதவீதம். மெஷினுக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி., பராமரிப்புச் சேவைக்கு 18 சதவீதம்.

முதல் மெஷின்: வரியோடு ரூ.14,70,000. ஆறு வருட சி.எம்.சி. வரியோடு ரூ.5,94,720. ஏழு வருடத்தில் இரண்டு புரோப் போனால், ஒன்று வரியோடு ரூ.1,90,000 என்று ரூ.3,80,000. ஆக மொத்தம் ரூ.24,44,720.

இரண்டாவது மெஷின்: வரியோடு ரூ.17,32,500. நான்கு வருட சி.எம்.சி. வரியோடு ரூ.4,67,280. மொத்தம் ரூ.21,99,780.

கொட்டேஷனில் இரண்டரை லட்சம் மலிவாகத் தெரிந்தது, கிட்டத்தட்ட அதே அளவுக்கு விலை கூடியதாகிவிட்டது. புரோப் கீழே விழுவதும், அதன் வயர் டிராலிச் சக்கரத்தில் சிக்குவதும் ஸ்கேன் அறையில் சாதாரணமாக நடப்பவை. விழுந்து உடைந்தால் சி.எம்.சி.யில் வருமா என்பதைத் தனியாகக் கேட்டு எழுதி வாங்குங்கள். பெரும்பாலும் வராது என்பார்கள். அப்படியென்றால் தனி இன்சூரன்ஸ் பாருங்கள்.

வரி பற்றி ஒரு குறிப்பு. 2025 செப்டம்பர் 22 முதல் பெரும்பாலான மருத்துவக் கருவிகளுக்கு ஜி.எஸ்.டி. 12-இலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. பழைய விகிதத்தில் போட்ட கொட்டேஷனை அப்படியே எடுத்து நீட்டுகிறார்களா என்று பாருங்கள். மருத்துவச் சேவைக்கு வரிவிலக்கு இருப்பதால், வாங்கும்போது கட்டும் வரியை நாம் உள்ளீட்டு வரியாகக் கழிக்க முடியாது. கட்டியது கட்டியதுதான். அதனால் எப்போதும் வரி சேர்த்த விலையை மட்டும் ஒப்பிடுங்கள்.

லேப் அனலைசருக்கு மெஷின் இலவசம், ரீஏஜென்ட் (டெஸ்டுக்கான ரசாயனம்) மட்டும் எங்களிடம் வாங்கினால் போதும் என்ற திட்டம் வரும். சில இடங்களுக்கு அது நல்ல ஏற்பாடுதான். ஆனால் மாதத்துக்குக் குறைந்தது இத்தனை டெஸ்ட் என்று ஒரு வரி உள்ளே இருக்கும். உங்கள் லேப் பதிவேட்டில் கடந்த பன்னிரண்டு மாதத்தில் எண்ணிக்கை மிகக் குறைந்த மாதத்தைப் பார்த்து அதற்கு ஒப்புக்கொள்ளுங்கள், சராசரிக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். மெஷின் சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்கும் கன்ட்ரோல், அளவைச் சரிசெய்யும் காலிபிரேஷன், திரும்பச் செய்யும் டெஸ்ட் ஆகியவற்றுக்குச் செலவாகும் ரீஏஜென்ட் யார் கணக்கு என்றும் கேளுங்கள்.

5. டெமோவை இரவு ஷிஃப்ட்டுக்கும் கொடுங்கள்

கம்பெனி ஆள் இயக்கிக் காட்டும் அரைமணி நேரம் டெமோ ஆகாது. மானிட்டர், இன்ஃப்யூஷன் பம்ப் போன்றவற்றை ஒரு வாரமாவது வார்டில் வைக்கச் சொல்லுங்கள். இரவு ஷிஃப்ட் நர்ஸ், புதிதாகச் சேர்ந்தவர், அட்டெண்டர் என எல்லோரும் தொட்டுப் பார்க்கட்டும். அலாரம் நர்ஸ் உட்காரும் இடம் வரை கேட்கிறதா? மின்சாரத்தைப் பிடுங்கினால் பேட்டரி உண்மையில் எத்தனை நிமிடம் நிற்கிறது? கிருமிநாசினி போட்டுத் துடைத்தால் பட்டன் எழுத்து அழிகிறதா? கையுறையோடு தொட்டால் திரை வேலை செய்கிறதா? பக்கத்து வார்டில் இருக்கும் பழைய கருவியின் கேபிள் இதற்குப் பொருந்துமா?

எங்கள் ஐ.சி.யு. பொறுப்பு சிஸ்டர் இரண்டே நாளில் ஒரு மானிட்டரை வேண்டாம் என்றார். அலாரத்தை நிறுத்த மூன்று பக்கம் உள்ளே போக வேண்டியிருந்ததாம். விலைப் பட்டியலில் மிக மலிவாக நின்றது அதுதான். அவர் சொன்னதைக் கேட்டதற்காக இன்றும் சந்தோஷப்படுகிறேன்.

அல்ட்ராசவுண்ட் மட்டும் விதிவிலக்கு. டெமோவாக இருந்தாலும் பதிவில்லாத இடத்தில் அந்த மெஷின் நுழையக் கூடாது. "இரண்டு நாள் விட்டுவிட்டுப் போகிறேன்" என்றால் மறுத்துவிடுங்கள். கம்பெனியின் ஷோரூமிலோ, அதே மாடல் முறைப்படி ஓடும் வேறு மருத்துவமனையிலோ போய்ப் பாருங்கள். அப்படிப் போகும்போது டாக்டரிடம் பேசிவிட்டு வந்துவிடாமல் அங்கே பழுது ஏற்பட்டால் போன் போடுகிற ஊழியரைத் தேடிப் பிடியுங்கள். கடைசியாகப் பழுதானது எப்போது, ஆள் வர எத்தனை நாள் ஆனது என்ற இரண்டு கேள்வி போதும்.

6. இடமும் மின்சாரமும்

கம்பெனியிடம் சைட் ரிப்போர்ட் எழுத்தில் கேளுங்கள். வாசல் அகலம், லிஃப்ட் அளவு, தளம் தாங்கும் எடை, ஏ.சி., எர்த்திங். எங்களுக்கு வந்த ரிப்போர்ட்டுகளில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே 2 வோல்ட்டுக்குக் கீழே இருக்க வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். பழைய கட்டடங்களில் இது இருக்காது. எர்த் குழி புதிதாகப் போட வேண்டிவரும், அந்தச் செலவு உங்களுடையது. டயாலிசிஸ் மெஷின் என்றால் ஆர்.ஓ. நீர் அமைப்பையும் சேர்த்தே பட்ஜெட் போடுங்கள்.

7. பர்ச்சேஸ் ஆர்டரில் எழுத வேண்டியவை

பேச்சில் ஒப்புக்கொண்டது எதுவும் கணக்கில் வராது. விலை பேசி முடித்த பிறகு, பணம் கொடுக்குமுன், இவற்றை ஆர்டரிலேயே ஏற்றுங்கள்.

வாரண்டி, மெஷினை நிறுவி நோயாளிக்குப் பயன்படுத்தத் தொடங்கிய தேதியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். "இன்வாய்ஸ் அல்லது நிறுவிய தேதி, எது முந்தையதோ" என்ற வரி இருந்தால் அடித்துவிட்டு இரு தரப்பும் சுருக்கொப்பம் இடுங்கள்.

பணத்தைப் பிரித்துக் கொடுங்கள். நாங்கள் இப்போது ஆர்டரோடு 20 சதவீதம், மெஷின் வந்து இறங்கியதும் 60, நிறுவி முப்பது நாள் ஓடிய பிறகு 20 என்று வைத்திருக்கிறோம். கடைசிப் பணம் நம் கையில் இருக்கும்வரை போனை உடனே எடுப்பார்கள்.

அனுமதி வராவிட்டால் முன்பணம் முழுதும் திரும்ப வரும் என்ற வரி. டெலிவரி, உங்கள் எழுத்துபூர்வமான சம்மதத்துக்குப் பிறகுதான் என்ற வரி. இந்த இரண்டும் அன்று எங்கள் ஆர்டரில் இருந்திருந்தால் அந்த ஏழு வாரம் வீணாகியிருக்காது.

சி.எம்.சி. விகிதத்தை ஏழு வருடத்துக்கும் இப்போதே பூட்டுங்கள். வாரண்டி முடிந்தபின் பேசினால் அவர்கள் சொல்வதுதான் விலை. புகார் கொடுத்து எத்தனை மணி நேரத்தில் ஆள் வர வேண்டும், வராவிட்டால் மாற்று மெஷினா, வாரண்டி நீட்டிப்பா என்றும் எழுதுங்கள். சாஃப்ட்வேர் லாக் இருக்கும் மெஷின் என்றால் சர்வீஸ் பாஸ்வேர்டு பற்றியும் கேளுங்கள். சில மெஷின்களை வெளி இன்ஜினியர் திறக்கவே முடியாது.

8. நிறுவும் நாள்

இன்ஸ்டாலேஷன் ரிப்போர்ட்டில் அவசரமாகக் கையெழுத்து வாங்கப் பார்ப்பார்கள். சீரியல் நம்பர் மெஷின், இன்வாய்ஸ், டெலிவரி சலான் மூன்றிலும் ஒன்றா? ஆர்டரில் உள்ள ஒவ்வொரு துணைப்பொருளும் வந்ததா? காலிபிரேஷன் சான்றிதழ் இருக்கிறதா? மின்கசிவுச் சோதனையை உங்கள் கண் முன்னால் செய்யச் சொல்லுங்கள். சாதாரண நிலையில் நோயாளிப் பக்கக் கசிவு 100 மைக்ரோஆம்பியருக்குள் இருக்க வேண்டும். இதயத்தோடு நேரடியாகத் தொடர்புள்ள சி.எஃப். வகைக்கு 10-க்குள். எல்லா ஷிஃப்ட்டுக்கும் பயிற்சி முடிந்து, பெயரோடு கையெழுத்துப் பட்டியல் வந்த பிறகு ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுங்கள்.

9. எவ்வளவு காலம் ஒதுக்குவது

எங்கள் அனுபவத்தில் மானிட்டர், பம்ப் வகைகளுக்குத் தேவைக் குறிப்பு தொடங்கி வார்டில் ஓடும்வரை ஆறு முதல் எட்டு வாரம். அல்ட்ராசவுண்டுக்கு நான்கைந்து மாதம். சி-ஆர்முக்கும் அதே அளவு. வங்கிக் கடன் என்றால் தவணை தொடங்கும் தேதியை நிறுவும் தேதிக்குப் பின்னால் தள்ளிவைக்கக் கேளுங்கள். கேட்டால் கொடுக்கும் வங்கிகள் இருக்கின்றன.

10. வாங்கியபின் முதல் வருடம்

ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு ஃபைல், ஒரு லாக் புக். பழுதான நேரம், புகார் எண், ஆள் வந்த நேரம், மாற்றிய பாகம். இந்தப் பதிவு இல்லாமல் வாரண்டி நீட்டிப்புக் கேட்க முடியாது. ஸ்கேன் மெஷின் என்றால் கர்ப்பிணிகளின் ஸ்கேனுக்கு நிரப்பும் எஃப் படிவங்கள், ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதிக்குள் ஜே.டி. ஆபீஸுக்குப் போக வேண்டிய அறிக்கை ஆகியவற்றுக்குப் பொறுப்பாக ஒருவரைப் பெயர் சொல்லி நியமியுங்கள். கருவியால் நோயாளிக்குப் பாதிப்பு வந்தால் கம்பெனியிடம் சொல்வதோடு நிறுத்தாமல், காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் நூல் ஆணையம் நடத்தும் மெட்டீரியோவிஜிலன்ஸ் திட்டத்துக்கும் அறிக்கை அனுப்புங்கள். மெஷினைக் கழற்றாமல், துடைக்காமல் அப்படியே ஒதுக்கி வைத்துவிட்டு எழுதுங்கள்.

அப்புறம் வாரண்டி முடியும் தேதிக்கு மூன்று மாதம் முன்னால் காலண்டரில் ஒரு குறி போடுங்கள். அந்த வாரம் இன்ஜினியரை வரவழைத்து முழுச் சோதனை செய்யச் சொல்லி, தேய்ந்த பாகம் எல்லாவற்றையும் வாரண்டிக்குள்ளேயே மாற்றிக்கொண்டு, அதன் பிறகு சி.எம்.சி. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுங்கள்.